கேனான் 50 எம்.எம். எஃப் 1.8 எஸ்டிஎம்: ஜானரை மீற நினைப்பவருக்கு இந்த லென்ஸ் எதுவரை உதவும்?

இந்த லென்ஸைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பாதிக்கு மேல் புகைப்படக்காரர்களுக்கானவை. பின்னணி எவ்வளவு மென்மையாகக் கரைகிறது, மூலைகளில் கூர்மை எப்படி, முகத்தை எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குறும்படமோ முதல் படமோ எடுக்கப்போகிறவருக்குக் கேள்வி வேறு. பேய்ப்படத்தைப் பேய்ப்படம்போல எடுக்காமல் இருக்க, குடும்பக் கதையை அழுகை இல்லாமல் சொல்ல, தனக்கென்று ஒரு பார்வை உருவாக, இந்த 160 கிராம் பொருள் ஏதாவது செய்யுமா?

செய்யும். ஆனால் பெட்டியின்மேல் பெருமையாகப் போட்டிருக்கும் எஃப் 1.8 (லென்ஸின் திறப்பளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) அதற்குக் காரணம் அல்ல. ஜூம் இல்லாததும், சின்ன அறைக்குள் அடங்க மறுப்பதும்தான் காரணம்.

ஜானர் (பேய்ப்படம், குடும்பப் படம் போன்ற பட வகை) என்று நாம் சொல்வதில் கதை பாதி, பழக்கம் பாதி. பயம் என்றால் அகல லென்ஸை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவது, துரத்தல் என்றால் டெலி (தூரத்தை அருகே இழுக்கும் நீண்ட லென்ஸ்), காதல் என்றால் பின்னணி மங்கல், சண்டை என்றால் தோளில் கேமரா. கையில் 18–55 ஜூம் இருந்தால் விரல் தானாகவே அந்தப் பழக்கத்துக்குப் போகும். 50 எம்.எம். மட்டும் (இந்த எண் கூடக் கூடப் பார்வை குறுகும்) மாட்டிக்கொண்டால் அந்தக் கதவுகளில் பல மூடிவிடும். மூடிய கதவுக்கு முன்னால் நின்று என்ன செய்கிறோம் என்பதில்தான் பாணி தொடங்குகிறது.

இது புது யோசனை அல்ல. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு தன் படங்களில் பெரும்பாலும் 50 எம்.எம்.மையே வைத்துக்கொண்டார், 1958 முதல் வந்த வண்ணப் படங்களில் கேமராவை நகர்த்துவதையே விட்டுவிட்டார். பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோனும் 50 எம்.எம். ஆள். 1960இல் ‘சைக்கோ’வை எடுத்த ஹிட்ச்காக், பார்வையாளர் தன் கண்ணாலேயே எட்டிப்பார்ப்பதுபோல் இருக்க வேண்டும் என்று 35 எம்.எம். ஃபிலிம் கேமராக்களில் 50 எம்.எம். லென்ஸையே பயன்படுத்தினார். ஒருவர் குடும்பக் கதை, ஒருவர் சிறை உடைப்பு, ஒருவர் திகில். லென்ஸின் எண் ஒன்றுதான், படங்களுக்குள் ஒட்டு உறவு கிடையாது. ஆகவே ‘50 வாங்கினால் பாணி வரும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எண் ஒன்றாக இருந்தாலும் பார்வை ஒன்றாக இருக்கிறதா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். அந்தக் காலத்து அகாடமி ஃபிரேம் (35 எம்.எம். ஃபிலிமில் பதியும் படத்தின் அளவு) ஏறக்குறைய 22 எம்.எம். அகலம், 16 எம்.எம். உயரம். விலை கூடிய கேமராக்களில் இருக்கும் பெரிய சென்சாரான புல்ஃபிரேம் 36 எம்.எம். அகலம். அதில் 50 போட்டால் ஓசு கண்டதைவிட மிக விரிவாகத் தெரியும். அவருடைய பார்வை வேண்டுமென்றால் 80 சொச்சம், அதாவது 85 எம்.எம். போட வேண்டும். அதைவிடச் சின்னதான கேனானின் கிராப் சென்சார் 22.3 எம்.எம். அகலம். எனவே விலை குறைந்த கிராப் கேமராவில் இந்த லென்ஸை மாட்டினால் அகலவாட்டில் கிடைப்பது கிட்டத்தட்ட அதே 25 டிகிரி. புல்ஃபிரேம்தான் ‘சினிமா’ என்று கடன் வாங்கி மேலே போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. வீடியோ 16:9 என்பதால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு உயரம் 12.5 எம்.எம். ஆகிறது. அதை மறுபடி பக்கவாட்டில் வெட்டிப் பழைய 1.37 வடிவத்துக்கு (அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு) கொண்டுவந்தால் அகலம் 17 எம்.எம்.தான் மிஞ்சும், 50 இப்போது பழைய ஃபிரேமின் 64 போல நடந்துகொள்ளும். சதுரத்தை ஒட்டிய வடிவத்தில்தான் எடுப்பேன் என்பவருக்கு 40 எம்.எம். எஃப் 2.8 எஸ்டிஎம் பொருத்தம். இன்னொன்று: சில கேமராக்கள் 4கே எடுக்கும்போது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். வாங்கும் முன் அதைச் சரிபார்க்காவிட்டால் வீட்டுக்குள் எதுவும் எடுக்க முடியாமல் போகும்.

படப்பிடிப்பில் மனக்கணக்காகப் பயன்படுவது இது: கிராப் கேமராவில் 16:9 வீடியோ எடுத்தால், ஃபிரேமின் உயரம் தூரத்தில் கால் பங்கு. முகம் மட்டும், 35 செ.மீ. உயரம் வேண்டுமா, 1.4 மீட்டர். மார்பளவுக்கு 2 மீட்டர். இடுப்பளவுக்கு 3 மீட்டர் சொச்சம். தலைமுதல் கால்வரை கொஞ்சம் இடம் விட்டு வேண்டுமா, 8 மீட்டர். புல்ஃபிரேமில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். முழு உருவத்துக்கு 5 மீட்டர் போதும். 4கேயில் மேலும் 1.6 மடங்கு வெட்டும் கிராப் கேமராவில் அந்தக் கால் பங்கு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

அந்த 8 மீட்டரில்தான் இந்த லென்ஸின் குணம் முழுவதும் இருக்கிறது. மூன்று மீட்டர் நீள அறையில் ஒருவர் எழுந்து நடப்பதை முழுசாகக் காட்டவே முடியாது. வழிகள் மூன்று. கேமராவை அறைக்கு வெளியே, நடைவழியிலோ அடுத்த அறையிலோ வைத்துக் கதவுச் சட்டத்தின் வழியாகப் பார்க்கலாம். துண்டு துண்டாகக் காட்டலாம்: கை, கதவுப்பிடி, முகம். அல்லது ஆள் ஃபிரேமை விட்டு வெளியேற, காலி நாற்காலியைக் காட்டிக்கொண்டே நடையின் ஓசையை மட்டும் கேட்கவிடலாம். முதலாவதைச் செய்தால் ஓசுவின் வீடுகளில் கதவுக்குள் கதவாக ஃபிரேம் அடுக்கப்படுவதன் நடைமுறைக் காரணம் புரியத் தொடங்கும். இரண்டாவதும் மூன்றாவதும் பிரெஸ்ஸோன் பக்கம் இழுக்கும். அகல லென்ஸ் இருந்தால் இந்த மூன்றில் எதுவுமே மனத்தில் வந்திருக்காது. மூலையில் கேமராவை வைத்துவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போயிருப்போம்.

பயத்துக்கு இதைப் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. பேய்ப்பட வழக்கம் என்ன செய்கிறது? அகலமான ஷாட்டில் இருட்டு மூலைகளை மிச்சம் வைக்கிறது. பார்வையாளர் அந்த மூலைகளைத் தேடுகிறார். 50இல் மூலை என்பதே கிடையாது, முகமும் கொஞ்சம் சுவரும்தான். ஆகவே பயம் ஃபிரேமுக்கு வெளியே போகிறது. அது கிடைத்த லாபம். ஆனால் அகல ஷாட் ஒரு வேலையையும் செய்துகொண்டிருந்தது: கதவு எங்கே, ஜன்னல் எங்கே, தப்பினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லிவைத்தது. அதை எடுத்துவிட்டு வேறு எதுவும் தராவிட்டால் பார்வையாளருக்குப் பயம் வராது, குழப்பம் வரும்.

சரிசெய்யும் முறை சுலபம்தான், பொறுமை வேண்டும். பயம் தொடங்கும் முன்பே அறையை நான்கைந்து துண்டுகளாகக் காட்டிவிட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளில் பொதுவாக ஒரு பொருள் இருக்க வேண்டும். கதவின் ஷாட்டில் வலது ஓரத்தில் தெரியும் விளக்கு, கட்டிலின் ஷாட்டில் இடது ஓரத்தில் தெரிந்தால் அறை மனத்தில் தைக்கப்பட்டுவிடும். பொதுப் பொருள் இல்லாத இரண்டு ஷாட்கள் இரண்டு வீடுகள் மாதிரி இருக்கும். கூடவே ஒவ்வொரு மூலைக்கும் ஒரு ஓசை கொடுத்துவிட்டால் (ஜன்னல் பக்கம் தெரு, கதவுப் பக்கம் சொட்டும் குழாய்) பிறகு குழாய்ச் சத்தம் திடீரென்று நிற்பதே போதும். மூன்றாம் நிமிடத்தில் சொல்லிவைத்தது பத்தாம் நிமிடத்தில் பலிக்கும்.

லென்ஸுக்கு மட்டுமல்ல, எல்லா மீறலுக்கும் இதுதான் கணக்கு. ஒரு வழக்கத்தைத் தூக்கும் முன் அது என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று எழுதிப் பார்க்க வேண்டும். தகவல் சொன்னதா, நேரத்தைக் கடத்தியதா, ‘இப்போது பயப்படு’ என்று சைகை காட்டியதா? அந்த வேலையை வேறொன்றின் தலையில் கட்டிய பிறகுதான் தூக்கலாம். 1954இல் வந்த ‘அந்த நாள்’ பாட்டை எடுத்தது. கொலை யார் செய்தது என்று ஒவ்வொருவரின் கோணத்திலும் விரியும் சந்தேகம், பாட்டு செய்துவந்த பிடித்துவைக்கும் வேலையை ஏற்றுக்கொண்டது. 1987இல் வந்த ‘பேசும் படம்’ வசனத்தை எடுத்தது. ஓசையும் உடல்மொழியும் அந்தச் சுமையை வாங்கிக்கொண்டன. பிரெஸ்ஸோன் 1956இல் எடுத்த சிறைப்படத்தின் தலைப்பே ‘மரண தண்டனைக் கைதி ஒருவன் தப்பிவிட்டான்’ என்றுதான் சொல்கிறது. தப்பிப்பானா மாட்டானா என்ற கேள்வி தலைப்பிலேயே போய்விட்டது. மிச்சம் இருப்பது எப்படி என்பது: கரண்டியால் பலகையைச் சுரண்டும் கை, வெளியே கேட்கும் ஓசைகள். மூச்சுவிடாமல் பார்க்க அதுவே போதுமானதாக இருக்கிறது.

‘சைக்கோ’ இதை இன்னொரு வகையில் செய்கிறது. 109 நிமிடப் படத்தில் ஏறக்குறைய 47ஆம் நிமிடத்தில் கதாநாயகி கொல்லப்படுகிறாள். அதுவரை அது ஒழுங்கான திருட்டுப் படம்: பணம், ஓட்டம், சந்தேகப்படும் போலீஸ்காரர், குற்றவுணர்ச்சி. பாதியில் கை விடுவதற்காகவே அவ்வளவு நேரம் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதிதாக எடுப்பவர்களின் மீறல் பெரும்பாலும் பலிக்காமல் போவது இங்கேதான்: முதல் ஷாட்டிலிருந்தே எல்லாவற்றையும் ஒரேயடியாக உடைக்கிறார்கள். எந்த ஜானர் என்றே தெரியாத படத்தில் மீறப்பட்டது எது என்று யாருக்குத் தெரியும்?

குடும்பக் காட்சிக்கு வருவோம். இங்கே இந்த லென்ஸ் வீட்டுப்பிள்ளை மாதிரி. இருவர் பேசும் காட்சியில் வழக்கம் தோளுக்குமேல் ஷாட். இடம் குறைந்த அறையில் 50இல் தோள் பெரிதாக, மங்கலாக ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதற்குப் பதில் 2 மீட்டரில் கேமராவை நேராக வைத்து, எதிர் நடிகரை லென்ஸை ஒட்டி உட்காரவைத்துப் பேசவிட்டுப் பார்க்கலாம். பார்வை லென்ஸிலிருந்து ஒரு கையளவு விலகினால் அந்தரங்கம். இரண்டு கையளவு என்றால் வழக்கமான ஷாட். லென்ஸுக்குள்ளேயே என்றால் பார்வையாளரிடம் நேராகப் பேசுவதாகிவிடும். எதைத் தேர்ந்தாலும் இருவருக்கும் ஒரே தூரம், ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒருவருக்கு 1.4, மற்றவருக்கு 1.7 மீட்டர் என்று நழுவினால் எடிட்டில் ஒருவர் தலை பெரிதாகத் தெரியும். அதற்குப் பாணி என்று பெயர் வைக்க முடியாது. அளவு நாடா இல்லாமல் படப்பிடிப்புக்குப் போகவே கூடாது.

பேசும் இருவருக்கும் நடுவே ஒரு கோடு ஓடுவதாக வைத்துக்கொண்டு கேமராவை அதன் ஒரே பக்கத்தில் வைப்பது வழக்கம். அந்த 180 டிகிரிக் கோட்டை ஓசு சாதாரணமாகத் தாண்டுகிறார், யாரும் தடுமாறுவதில்லை. காரணம், அவர் எப்போதுமே தாண்டுகிறார். படம் தொடங்கிய சில நிமிடங்களில் கண்ணுக்கு அந்தச் சட்டம் பழகிவிடுகிறது. ஒருமுறை செய்தால் தவறு என்று தெரியும், மூன்றாம் முறை அதுவே விதி. எந்த விநோதத்தையும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு முறையாவது காட்டிவிடுவது பாதுகாப்பு.

சண்டைக்குச் சுமார். கிராப்பில் கையில் பிடித்தால் சின்னச் சின்ன நடுக்கம் எல்லாம் தெரியும். லென்ஸில் நடுக்கத் தடுப்பு கிடையாது. ஒரு நன்மை: அடிக்கும் திசைக்கு நேர்கோட்டில், ஒருவரின் முதுகுப்பக்கம் கேமரா இருந்தால், கைக்கும் முகத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டாலும் தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் உடனே குட்டு உடையும்.

நகைச்சுவைக்கு வேண்டவே வேண்டாம். உடல் முழுசாகத் தெரிய வேண்டிய இடத்தில் 8 மீட்டருக்கு எங்கே போவது? ஜாக் தாத்தி 1967இல் ‘பிளேடைம்’ படத்தை 70 எம்.எம்.மில் எடுத்து ஃபிரேமின் எல்லா மூலைகளிலும் வேடிக்கைகளைத் தூவினார். அது வேறு மரபு, அதற்கு வேறு கருவி. அகிரா குரோசாவா 1954இல் ‘ஏழு சாமுராய்’ சண்டைகளுக்குப் பல கேமராக்களையும் நீண்ட லென்ஸ்களையும் நாடியதும் அப்படித்தான்.

இனி பொருளின் குறைகள். சினிமாவுக்கு இவை முக்கியம்.

ஃபோகஸ் வளையம் நேரடியாகக் கண்ணாடியைத் திருப்புவதில்லை. மோட்டாருக்குச் செய்தி அனுப்புகிறது. வளையத்துக்கு ஆரம்பமும் முடிவும் இல்லை, தூர அளவுகோலும் இல்லை. எனவே டேப் ஒட்டிக் குறிபோட்டு ஃபோகஸ் இழுக்கும் பழைய முறை இங்கே நம்பகமாக வராது. கேமரா அணைந்திருந்தால் வளையம் வேலையே செய்யாது. முன்பக்கக் குழல் ஃபோகஸுக்கு ஏற்ப வெளியே வரும். வெளியே வந்த நிலையில் அணைத்துப் பைக்குள் திணித்தால் இடிபட வாய்ப்பு உண்டு. முடிவிலிக்குக் கொண்டுபோய்விட்டு அணைப்பது நல்லது. மவுண்ட் (கேமராவோடு பூட்டும் பகுதி) உலோகம், முந்தைய பதிப்பின் பிளாஸ்டிக் மவுண்டைவிடத் தேவலை. ஹூட் (முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பு) தனியாக வாங்க வேண்டும். வெளிச்சம் எதிரே இருந்தால் அது இல்லாமல் படம் வெளிறும்.

ஃபோகஸை அருகிலிருந்து தூரத்துக்கு மாற்றும்போது ஃபிரேமின் அளவும் கொஞ்சம் சுருங்கி விரியும், ‘மூச்சு விடுகிறது’ என்பார்கள். ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு ஃபோகஸ் மாற்றும் அந்தப் பழகிப்போன உத்தி இதில் அசிங்கமாகத்தான் இருக்கும். வெட்டி அடுத்த ஷாட் போய்விடலாம். என்னைக் கேட்டால் இதைக் குறைகளில் சேர்க்கத் தேவையில்லை.

எஸ்டிஎம் எனப்படும் ஃபோகஸ் மோட்டார் அமைதிதான், ஆனால் கேமராவின் சொந்த மைக்கில் மௌனமான காட்சியில் சின்ன முனகல் பதியும். ஒலியை எப்படியும் தனியாகத்தான் எடுக்க வேண்டும். மேலே சொன்ன பாதிப் பயம் ஓசையில்தானே இருக்கிறது.

எஃப் 1.8 விஷயத்துக்கு இப்போது வரலாம். கிராப்பில் 2 மீட்டரில் எஃப் 1.8 வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 11 செ.மீ. 1.4 மீட்டர் குளோஸ் அப்பில் 5 செ.மீ. சொச்சம். நடிகர் மூச்சு வாங்கிச் சற்றே முன்னால் சாய்ந்தால் கண் போய்க் காது தெளியும். எஃப் 5.6இல் 2 மீட்டரில் 34 செ.மீ. கிடைக்கும். எஃப் 8இல் 4 மீட்டருக்கு ஃபோகஸ் வைத்தால் 3.2இலிருந்து 5.3 மீட்டர்வரை தெளிவு; அதற்குள் ஒருவர் தாராளமாக நடக்கலாம். எஃப் 11க்கு மேலே போனால் கிராப்பில் மொத்தப் படமும் மெல்ல மழுங்கும்.

1975இல் வந்த ‘பேரி லிண்டன்’ படத்தின் சில காட்சிகளுக்கு மெழுகுவர்த்தி வெளிச்சம் மட்டும் போதும் என்று ஸ்டான்லி குப்ரிக் ஸைஸின் 50 எம்.எம். எஃப் 0.7 லென்ஸை மாட்டினார். நாசாவுக்காக உருவானது, செய்யப்பட்டதே பத்துதான். நம் எஃப் 1.8ஐவிட அது ஆறரை மடங்கு வெளிச்சம் வாங்கும். அதற்குக் கொடுத்த விலை: நடிகர்கள் அசையக்கூடாது, தூரத்தைக் கண்காணிக்கப் பக்கவாட்டில் 90 டிகிரியில் ஒரு வீடியோ கேமராவையும் வைத்தார்கள். ஆனால் அந்த அசையாமை சரித்திரப் படங்களின் வழக்கமான ஆரவாரத்தை அணைத்துவிட்டது. ஆட்கள் ஓவியத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள்போல் உட்கார்ந்திருக்கிறார்கள். கருவியின் குறை கதையின் குணமாக மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. மங்கலான பின்னணி அழகு என்பதற்காக அவர் அதைத் திறந்துவைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த அழகுக்காகவே இந்த லென்ஸை வாங்குகிறவர்கள் எடுக்கும் காதல் காட்சிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. பின்னால் இருப்பது கடைத்தெருவா ரயில்நிலையமா என்றே தெரியாத ஒளிப்பொட்டுகள். (ஏழு இதழ் அபெர்ச்சர் என்பதால் நன்றாக மூடினால் அவை எழுகோணமாகத் தெரியும்.) எஃப் 5.6க்கு மூடி, இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவிட்டாலே காட்சிக்கு முகவரி வந்துவிடும். வெயிலில் அப்படி எடுக்க, நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 100 என்றால் நான்கு ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) தேவை, எஃப் 2.8 வேண்டுமென்றால் ஆறு ஸ்டாப். ஃபில்டர் அளவு 49 எம்.எம்.

யார் வாங்கலாம்? கிராப் கேமரா வைத்திருந்து, ட்ரைபாடில் எடுப்பவர், இரண்டு மூன்று பேர் பேசும் கதை, இரவில் வீட்டு விளக்கில் படப்பிடிப்பு உள்ளவர். கையால் ஃபோகஸ் இழுத்தே ஆக வேண்டும் என்பவர், அபெர்ச்சர் வளையத்தோடு வரும் பழைய 50 எம்.எம். ஒன்றை அடாப்டரில் மாட்டிக்கொள்ளட்டும். அதன் ஃபோகஸ் வளையம் நின்ற இடத்தில் நிற்கும். மிரர்லெஸ் கேமராக்காரர்களுக்கு 2020இல் வந்த ஆர்எஃப் பதிப்பு உண்டு: ஃபில்டர் 43 எம்.எம்., 30 செ.மீ. வரை நெருங்கலாம். நாம் பேசிக்கொண்டிருக்கும் லென்ஸில் அந்த அளவு 35 செ.மீ.

வாங்கும் முன் ஒரு காரியம். கேமராவோடு வந்த 18–55 ஜூமை 50இல் நிறுத்தி, நகராதபடி டேப் சுற்றி, ஒரு காட்சியை முழுசாக எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் ஜூமின் அதிகபட்சத் திறப்பே ஏறக்குறைய எஃப் 5.6தான்; மேலே பரிந்துரைத்ததும் அதுவே. இந்த லென்ஸ் கூடுதலாகத் தருவது சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை. உங்கள் கதை பகலில் நடக்கிறதென்றால் டேப் போதும்.